சரியாக ஔ மணிக்கு

ஒரு எழுத்து அதிகமாக இருந்தது.

ஜெயகரன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் எண்ணினார். கடிகாரத்தில் மணி பன்னிரண்டு. அதில் சந்தேகமே இல்லை. சர்ச்சில் ஞாயிறு பள்ளிச் சுவரில் தொங்கும் எழுத்துப் படத்தைப் போனில் பிடித்து, ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி வாங்கி வந்திருந்தார். அதில் எழுத்து பதின்மூன்று. எதிரே மேசையில், பளபளவென்று தேய்த்து முடித்த கறுப்புக் கிரானைட் வட்டம் ஒன்று வெட்டுக்காகக் காத்துக் கிடந்தது.

யாரைக் கேட்டாலும் அரை நொடியில் சொல்லிவிடுவார்கள். உள்ளே சமையலறையில் மனைவி டோரிஸ் இருக்கிறாள். தினமும் காலையில் காபி ஆறுகிறவரை தமிழில் வாசித்துக்கொண்டிருக்கிறவள். ஆனால் கேட்க முடியாது. போனைக் கேட்கலாமென்றால் அது ஊருக்கே கேட்கிற மாதிரி உரக்கப் பதில் சொல்லும். ஜெயகரனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பது, ஜெயகரனையும் கர்த்தரையும் தவிர மூன்றாம் பேருக்குத் தெரியாத விஷயம். அப்படித்தான் அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பேச்சில் குறைவில்லை. செகந்திராபாத்தில் பிறந்து, இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்து, குஷாய்குடா பக்கத்து மின்னணுத் தொழிற்சாலையில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். வீட்டில் பேசிய தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவசரத்தில் மட்டும் ஆமாம் ‘ஹவ்’ ஆகிவிடும், வேண்டாம் ‘நக்கோ’ ஆகிவிடும், எதற்கு ‘கைக்கு’ ஆகிவிடும், எல்லாம் ஊர் உருது. எழுத்துத்தான் எட்டாமல் போய்விட்டது. சர்ச்சில் எந்தப் பாட்டாக இருந்தாலும் எல்லாச் சரணத்தையும் புத்தகத்தைப் பார்க்காமலே பாடுவார். என்ன ஞாபகசக்தி என்று சபையே மெச்சும். பார்த்தால் மட்டும் என்ன தெரிந்துவிடப் போகிறது என்பது சபைக்குத் தெரியாது. பாளையங்கோட்டைக்கு டோரிஸைப் பெண் பார்க்கப் போனபோது, மாமனார் பாட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்து ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். ஜெயகரன் புத்தகத்தை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு, உருகி உருகிப் பாடினார். வீடே சொக்கிப் போயிற்று. புத்தகம் தலைகீழாக இருந்ததைக் கடைசிச் சரணத்தில்தான் அவரே கவனித்தார். வேறு யாரும் கவனிக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்குப் பிடித்த கிறுக்கு, கல்லில் கடிகாரம் செய்வது. காரை வெயிலில் நிறுத்திவிட்டு ஷெட்டைப் பட்டறையாக்கிக்கொண்டார். கிரானைட் கடைகளில் வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளைப் பொறுக்கி வருவார். வட்டமாக அறுத்து, தண்ணீர் ஊற்ற ஊற்ற நடுவில் துளை போட்டு, முதுகைக் குடைந்து கடிகார மெஷினைப் பொருத்தி, வாட்டர் பேப்பரால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பு ஏற்றுவார். ஏ.எஸ்.ராவ் நகரில் அவர் சொந்தக்காரர் வீடு எதிலும் இப்போது ஒரு கல் கடிகாரத்துக்குத் தப்பிய சுவர் கிடையாது. ஆணியும் சேர்த்துத்தான் பரிசளிப்பார், ஏனென்றால் சாதாரண ஆணி அதைத் தாங்காது.

இத்தனை நாளும் எண்ணோ எழுத்தோ இல்லாமல் நாலு பித்தளைக் குமிழோடு பிழைத்து வந்த மனிதர், உயிரெழுத்தில் வந்து மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அவருடைய மகள் எமி.

எமி தன்னோடு வேலை பார்க்கும் பிரசன்னாவைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். அவர்கள் கோயமுத்தூர்ப் பக்கத்து இந்துக் குடும்பம். பையனுக்கு வேலை கிடைத்து, இரண்டு வருஷமாக இங்கே செகந்திராபாத் லோத்குண்டாவில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பேச வருவதாக ஏற்பாடு. ஜெயகரனுக்குப் பையனைப் பிடித்திருந்தது. ஆனாலும் சபையில் நாலு பேருக்கு முன்னால் நடமாடுகிற மனிதர் அல்லவா, ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்.

“பையன் நல்ல பையன். ஆனா தாலி கட்டறது சர்ச்சுலதான். அதுல நோ காம்ப்ரமைஸ்” என்று ஷேவ் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.

அது எமியின் காதில் விழாமல் இருக்குமா. அந்த வாரம் முழுக்க அவள் தட்டில் சோறு அப்படியே இருந்தது. அவள் சாப்பிடாமல் எழுந்தால் ஜெயகரனுக்கும் இறங்காது. இருந்தாலும் கொள்கை கொள்கைதானே என்று வயிற்றைச் சமாதானப்படுத்திக்கொண்டு, மறுநாளும் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். அப்போதுதான் டோரிஸ் கையில் போனோடு வந்து கதவோரம் சாய்ந்தாள்.

“பிரசன்னாவோட அம்மா அன்னம்மாள் இப்பத்தான் பேசுனாங்க.”

“என்னவாம்?”

“சும்மாதான். அவங்க வீட்டுக்காரர் தண்டபாணி சார் இருக்காருல்லா, அவருக்குத் தமிழ்னா உயிராம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுல சம்பந்தமே வச்சுக்க மாட்டேன்னு சொல்லுதாராம். நமக்கு அதுல என்ன கவல. நீங்கதான் புத்தகமே பாக்காம பாடுறவங்களாச்சே.”

ரேஸர் கன்னத்தின் நடுவில் நின்றுவிட்டது.

“வந்த எடத்துல... ஏதாச்சும் படிக்கச் சொல்வாரோ?”

“சொல்லுவாராயிருக்கும். வாத்தியார் மாதிரியாம்.”

“ஹவ். சொல்லட்டுமே. எனக்கென்ன.”

சர்ச்சும் நோ காம்ப்ரமைஸும் சோப்பு நுரையோடு சேர்ந்து வாஷ்பேசினில் இறங்கிப் போயின. போகிற போக்கில் டோரிஸ்தான் அந்த யோசனையையும் சொன்னாள்.

“வாறவங்களுக்கு உங்க கல்லுக் கடியாரம் ஒண்ணு செஞ்சு குடுங்க. நம்பருக்குப் பதிலா உயிரெழுத்துப் போட்டு. மணியும் பன்னெண்டு, உயிரெழுத்தும் பன்னெண்டு, கணக்கு எப்படிச் சரியா வருது பாத்தியளா.”

பாதி முகம் சோப்போடு ஜெயகரன் யோசித்தார். தமிழைக் கல்லில் வெட்டிக் கையில் கொடுக்கிற ஒரு மனிதனைப் பார்த்து, உனக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா என்று யாராவது கேட்பார்களா? கேட்க மாட்டார்கள். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். டோரிஸ் அப்போது பலமாக இருமிக்கொண்டே உள்ளே போனாள். கல்தூசி அவளுக்கு எப்போதுமே ஒத்துக்கொள்வதில்லை.

கணக்கு எங்கே சரியாக வந்தது? பதின்மூன்றல்லவா இருக்கிறது.

எதை விடுவது என்று ஜெயகரன் படங்களை வைத்துத் துப்புத் துலக்கினார். அம்மா, ஆடு, இலை, ஈ எல்லாம் தம்தம் எழுத்துக்குப் பக்கத்தில் ஒழுங்காக நின்றன. ஒட்டகம் சரி. ஓடம் சரி. கடைசியில் வருகிற மூன்று புள்ளிக்கு அக்கன்னா என்று பெயர் என்பது, ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்துவதைக் கேட்டு அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அதற்கு முந்தியதுதான் உதைத்தது. இரண்டு எழுத்து ஒட்டிக்கொண்ட மாதிரி ஒரு உருவம். பக்கத்தில் ஒரு மருந்து பாட்டில்.

மருந்து என்றால் ‘ம’ அல்லவா வரவேண்டும். டானிக் என்றாலும் பொருந்தவில்லை. அச்சடித்தவன் தூக்கக் கலக்கத்தில் எங்கிருந்தோ ஒன்றைக் கொண்டுவந்து சொருகியிருக்கிறான் என்று தீர்மானித்து, அந்த எழுத்தை வீட்டுக்கு அனுப்பினார். கார்பன் பேப்பர் வைத்து மற்றப் பன்னிரண்டையும் கல்லில் வரைந்து, வைர முனை போட்ட சின்ன கிரைண்டரால் இரண்டு நாள் உட்கார்ந்து வெட்டினார். ஒரு மணிக்கு அ. பன்னிரண்டு மணிக்கு அக்கன்னா. கோடுகள் அச்சில் வார்த்ததுபோல விழுந்திருந்தன. தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இருந்தாலும் மனது கேட்கவில்லை. சாயங்காலம் பார்க்கில், பழைய ஆபீஸ் சிநேகிதர் பாலச்சந்திரனிடம் போனில் இருந்த கடிகாரப் படத்தை நீட்டினார்.

“உனக்கு ஒரு டெஸ்ட். இதுல என்ன தப்புன்னு சொல்லு பாக்கலாம்.”

பாலச்சந்திரன் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். “ஔ எங்கடா? அக்கன்னா எங்கடா இங்க வந்துது? அது உயிரெழுத்தே இல்லையே.”

ஜெயகரன் போனைச் சட்டென்று பைக்குள் போட்டார். “கரெக்ட். கண்டுபிடிக்கறியான்னு பாத்தேன். ஔன்னா... அதுக்கு ஏன் மருந்து பாட்டில் படம் போடறாங்க?”

“ஔடதம்டா. ஔடதம்னா மருந்து.”

“மருந்துக்கு மருந்துன்னே சொல்லலாமில்ல. கைக்கு இந்த வேலை?”

பாலச்சந்திரன் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஜெயகரன் கொசு கடிக்கிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டார்.

கல்லில் எழுதியதை அழிக்க முடியாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஜெயகரன் அழிக்கப் பார்த்தார். எபாக்சிப் பசையில் கரித்தூளைக் கலந்து மூன்று புள்ளிக் குழியிலும் அடைத்தார். காய்ந்தபோது அது கறுப்பாக இல்லை. பஸ்ஸில் பின்சீட்டில் யாரோ சூயிங்கம் ஒட்டிவிட்டுப் போன மாதிரி சாம்பல் நிறத்தில் இருந்தது. போகட்டும், அதன்மேல் ஔவை வெட்டிவிட்டால் மறைந்துவிடும் என்று ஆரம்பித்தார். இந்த ஔ இருக்கிறதே, அது ஒற்றை ஆள் இல்லை, பக்கத்தில் ஒரு துணையோடு வருகிற ஆசாமி. முதல் பாதி மட்டும் பன்னிரண்டு மணி இடத்தில் உட்கார்ந்தது. மீதிப் பாதி இடம் போதாமல் ஒரு மணியில் இருந்த அ-வின் முதுகை இடித்துக்கொண்டு போயிற்று. கொஞ்சம் நகர்த்தி வெட்டலாம் என்று கிரைண்டரைச் சாய்த்தார்.

டக் என்று ஒரு சத்தம். கல் இரண்டாகப் பிளந்தது. ஐ-யில் தொடங்கி ஓ வரை ஒரு பக்கம், மற்றதெல்லாம் ஒரு பக்கம்.

“என்னங்க சத்தம்?” என்று உள்ளிருந்து டோரிஸ் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல, கல்லு.”

சனிக்கிழமை விடிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அவர்கள் வருகிறார்கள். கிரானைட் துண்டு வேறு கைவசமில்லை. கொல்லையில், தரைக்குப் போட்டு மிஞ்சிய தாண்டூர்க் கல் ஒன்று கிடந்தது. மஞ்சளும் சாம்பலுமாகப் பார்க்க லட்சணமாகவே இருக்கும், வெட்டுவதற்கும் இளக்கம். இந்த முறை அக்கன்னாவுக்கு இடமில்லை, ஔவுக்கு உச்சியில் விசாலமாக இடம். எல்லாவற்றையும் டிரேசிங் பேப்பரில் வட்டமாகப் பார்த்துப் பார்த்து வரைந்தார். கார்பன் வைத்தால் தண்ணீர் பட்டு அழிகிறது, நேரமும் இல்லை. தாளையே கல்லில் ஒட்டி, தாளோடு சேர்த்து வெட்டிவிடலாம் என்று முடிவு செய்தார். பசையைத் தடவி, தாளைக் கவிழ்த்து, ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டினார்.

கவிழ்த்து ஒட்டினார் என்பதைக் கவனிக்க வேண்டும். டிரேசிங் பேப்பர் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரியும். தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பக்கத்தில் இருந்திருந்தால், தாத்தா எழுத்தெல்லாம் திரும்பி நிற்கிறது என்று சொல்லியிருக்கும். ஜெயகரனுக்கு எப்படி ஒட்டினாலும் ஒன்றுதான். கல்லைத் திருப்பித் திருப்பி, தூசியில் மூழ்கி, சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் பன்னிரண்டையும் வெட்டி முடித்தார்.

மெஷினைப் பொருத்தி முள்ளைச் சொருகும்போதுதான் கை நின்றது. உச்சியில் ஔ இருக்கிறது. ஒரு மணி இடத்தில் அ-வைத் தேடினால் அங்கே ஓ இருக்கிறது. அ, பதினொரு மணி இடத்தில் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மொத்தத் தமிழும் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது.

ஜெயகரன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதைதான். எமியின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. தன்னுடைய எழுத்தறியாமையால் ஒரு பெண்ணின் வாழ்க்கை கெடுவதா என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. பொய்யில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஆனால் மனிதர் எலக்ட்ரானிக்ஸ்காரர். எழுத்தைத் திருப்ப முடியாவிட்டால் முள்ளைத் திருப்ப முடியாதா என்று ஒரு யோசனை வந்தது. மெஷினைத் திறந்து, உள்ளே இருக்கும் சின்ன இரும்புத் தகட்டைப் புரட்டிப் போட்டு மூடினார். பேட்டரியைப் போட்டதும் நொடி முள் மிக்க கீழ்ப்படிதலோடு பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தது. ஔவிலிருந்து அ-வுக்கு, அ-விலிருந்து ஆ-வுக்கு. வரிசை சரியாகிவிட்டது. என்ன, கடிகாரம் பின்னோக்கி ஓடுகிறது, எழுத்தெல்லாம் முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டினால்தான் நேராகத் தெரியும். அதைத் தவிர ஒரு குறையும் இல்லை.

டோரிஸ் டீ கொண்டுவந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“எப்படி இருக்கு?” என்றார் ஜெயகரன், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு.

“ரொம்ப நல்லா இருக்குங்க. இந்த மாதிரி நான் பாத்ததே இல்ல.”

டம்ளரை வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போனாள். உள்ளேயிருந்து இருமல் சத்தம் நிற்காமல் கேட்டது. இந்த வேலை முடிந்ததும் அவளை ஒரு நல்ல டாக்டரிடம் காட்டவேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கல் கடிகாரத்தின் கணக்குப்படி உ மணிக்கு, அவர்கள் வந்தார்கள். தண்டபாணி பட்டுக்கரை வேட்டியும் முறுக்கிய மீசையுமாக, ஆளைப் பார்த்தாலே இலக்கணம் கேட்பார் போலிருந்தார். பின்னால் அன்னம்மாள், தட்டு நிறையப் பழங்களோடு. அவளுக்குப் பின்னால் பிரசன்னா.

ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட வாயிலிருந்து விழுந்துவிடக் கூடாது என்று ஜெயகரன் சபதம் செய்திருந்தார்.

“வருக. அமர்க.”

“நன்றிங்க. தாங்கள் நலந்தானுங்களா?” என்றார் தண்டபாணி. அவருக்கும் நெற்றியில் வேர்த்திருந்தது.

“எமி, அந்தக் குளிர்ப்பெட்டியைப் போடும்மா.”

“ஃப்ரிட்ஜா டாடி? அது ஆன்லதானே இருக்கு.”

“நக்கோ... அதில்ல. மேல இருக்கே, அது.”

“பரவாயில்லைங்க, காற்றாடியே போதும்” என்றார் தண்டபாணி கம்பீரமாக. “இளமையிலே வெயிலில் வளர்ந்த உடம்புங்க. எங்க தந்தையாருக்கு வடக்கே பிலாய் இரும்பு ஆலையில உத்தியோகம்.”

அப்புறம் இரண்டு பேருக்கும் சுத்தத் தமிழ் தீர்ந்துபோயிற்று. தண்டபாணி இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். அவர் பரீட்சையைத் தொடங்கப் போகிறார் என்று பயந்து, ஜெயகரன் முந்திக்கொண்டு துண்டால் மூடியிருந்த கடிகாரத்தைத் தூக்கிவந்து டீப்பாயில் வைத்துத் திறந்தார்.

“தங்களுக்கு... என் கையால் செய்த சிறு அன்பளிப்பு.”

தாண்டூர்க் கல் சாயங்கால வெளிச்சத்தில் மஞ்சளாக மின்னியது. நொடி முள் டிக் டிக்கென்று பின்னால் போய்க்கொண்டிருந்தது.

“அங்கிள், இது ரிவர்ஸ்ல...” என்று ஆரம்பித்த பிரசன்னா ஆவென்று நிறுத்தினான். அவன் காலின்மேல் எமியின் கால் இருந்தது.

தண்டபாணி குனிந்தார். ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துத் தடவினார். புருவத்தைச் சுருக்கினார். ஔவில் அவர் விரல் நின்றபோது ஜெயகரன் கண்ணை மூடிக்கொண்டார். போயிற்று, எமியின் கல்யாணம் இந்தக் கல்லோடு போயிற்று.

“ஏனுங்க,” என்றார் தண்டபாணி மெதுவாக. “இது கல்வெட்டு எழுத்துங்களா?”

ஜெயகரன் ஒரு கணம் விழித்தார். மறுகணம் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். “ஹவ்... ஆமாம், ஆமாம். கல்வெட்டேதான். மிகவும் பழையது.”

“நினைச்சேனுங்க. பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு.”

“முள்ளு பின்னால போகுதுங்களே, அது எதுக்குங்க?” என்று அன்னம்மாள் பச்சைப் பிள்ளை போலக் கேட்டாள்.

முன்வைத்த காலைப் பின்வைக்க முடியாது. கடிகாரமே வைத்துவிட்ட பிறகு ஜெயகரனுக்கு என்ன. “அது வேணும்னே செஞ்சதுங்க. முன்னாடி போனா நாமதான் இருக்கோம். பின்னாடி போகப் போகத்தானே தமிழ் இருக்கு.”

“ஆகா” என்றார் தண்டபாணி. அவர் கண் உண்மையாகவே கலங்கியது. “எப்படிப்பட்ட கருத்துங்க.”

அன்னம்மாளுக்கு இருமல் வந்துவிட்டது. டோரிஸுக்கும் வந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருமினார்கள். கல்தூசி வந்தவர்களையும் விடவில்லை.

தண்ணீர் குடித்த பிறகு அன்னம்மாள் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தாள். “சம்பந்தம் பேசப் போறமுன்னு நானே ஒரு வாழ்த்துப் பாட்டு எழுதியிருக்கறனுங்க. அண்ணன் சத்தமாப் படிச்சாங்கன்னா நல்லா இருக்கும்.”

தாள் ஜெயகரன் கைக்கு வந்தது. மேலே அழகாக ஒரு குத்துவிளக்கு வரைந்திருந்தது. அதற்குக் கீழே, எறும்பு ஊர்வதுபோலத் தமிழ்.

“நான் படிக்கறதா? தண்டபாணி ஐயா வாயால கேக்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை” என்று அவசரமாக அவரிடம் நீட்டினார்.

“சே, சே. கல்லுலயே தமிழ் எழுதறவங்க நீங்க. நீங்கதானுங்க படிக்கோணும்.”

“என் கண்ணாடியில கல்தூசி கீறல் விழுந்துருக்கு.”

“நான் கண்ணாடியே கொண்டாரலைங்க” என்றார் தண்டபாணி. அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியின் ஒரு காது எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

தாள் அங்கும் இங்கும் போய்வந்தது. கடைசியில் தண்டபாணியின் கையில் தங்கிவிட்டது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் தாளை விரித்து, தூரமாகப் பிடித்து, மேலிருந்து கீழாகப் பார்வையை ஓட்டி, மீசைக்குள் முணுமுணுத்து, தலையை ஆட்டினார்.

“அருமை. என்ன சொல்நயம். இதை மனசுக்குள்ளதான் படிக்கோணும், சத்தமாப் படிச்சா சுவை போயிருமுங்க.”

ஜெயகரன் தாளின் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். வெளிச்சத்தில் குத்துவிளக்கு தெரிந்தது. அது தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த நிமிஷத்தில் அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது. பாளையங்கோட்டையில் பாட்டுப் புத்தகத்தோடு நின்ற நாளிலிருந்து தனியாகச் சுமந்துவந்த மூட்டையைப் பாதி வழியில் இன்னொருவர் தோள்கொடுத்து வாங்கிக்கொண்டது போலிருந்தது. மீசை, வேட்டி, பிலாய் எல்லாவற்றோடும் அந்த மனிதரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அவர் மெல்ல எழுந்து பக்கத்தில் போய், தாளை வாங்கி, யாரும் பார்க்காமல் நேராகத் திருப்பி மடித்து, தண்டபாணியின் சட்டைப் பையில் கண்ணாடிக்குத் துணையாக வைத்தார்.

“ஆமாங்க. மனசுக்குள்ள படிச்சாப் போதும். நானும் அப்படித்தான்.”

தண்டபாணி அவரை நிமிர்ந்து பார்த்தார். “நீங்களுமா?” என்று காற்றாகக் கேட்டார்.

“நானும்தான், சம்பந்தி.”

அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது. இரண்டு பேரும் ஒரே சோபாவில் தோளோடு தோள் உட்கார்ந்துகொண்டார்கள். எமி ஏசியைப் போட்டாள். யாரும் அதற்குத் தமிழ் தேடவில்லை.

“டாடி, நானும் பிரசன்னாவும் நெனச்சது, டிசம்பர்ல ரிஜிஸ்டர் பண்ணிட்டு, சைனிக்புரி பக்கம் ஒரு ஹால்ல எல்லாருக்கும் பிரியாணி. ஓகேவா?”

“ஹவ், ஹவ். பேஷா செய்யலாம்” என்றார் ஜெயகரன்.

“நல்ல யோசனைங்க” என்றார் தண்டபாணி. “சாம்பாரும் ஒரு பக்கம் இருக்கட்டும்.”

எமி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு வாரமாகச் சோற்றைத் தொடாதவள், டீப்பாயிலிருந்த பஜ்ஜித் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள். அதைப் பார்த்ததும் ஜெயகரனுக்கும் பசித்தது.

“வேற ஏதாச்சும் பேசணும்னு இருக்கா, சம்பந்தி?”

“என்னமோ ஒண்ணு கண்டிப்பாக் கேக்கோணும்னு வீட்டுல இருந்து நினைச்சுட்டுத்தான் வந்தனுங்க. மறந்துபோச்சு.”

“எனக்கும் அப்படித்தான் இருக்கு” என்றார் ஜெயகரன். ஷேவிங் சோப்பு வாசனையோடு ஏதோ ஒன்று நினைவின் வாசல்வரை வந்தது. வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. போகட்டும், முக்கியமாக இருந்தால் மறுபடி வரும் என்று, காலி ஜக்கை எடுத்துக்கொண்டு தண்ணீருக்காகச் சமையலறைப் பக்கம் நடந்தார்.

கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இருமல் சுத்தமாக நின்றுபோயிருந்தது. டோரிஸ் ஏதோ சொல்ல, கண்ணைத் துடைத்துக்கொண்டு அன்னம்மாள் பதில் சொன்னாள்:

“உங்க வீட்டுக்காரரும் பொண்ணு பாக்க வந்தப்பவே புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சவருன்னு நீங்க சொன்னதாலதானே டோரிஸக்கா எனக்கு ரெண்டு பேரையும் தமிழ வச்சு மெரட்டற யோசனையே வந்துது, பாருங்க, தாலி கட்டறது கோயில்லயா சர்ச்சுலயான்னு ரெண்டு பேருமே வாயத் தொறக்கல.”